மூச்சு வாங்கும் முன்னாள் படைவீரருக்கு நிபுணர் சிகிச்சை: தடை எங்கே இருக்கிறது?

தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்ற உங்கள் தந்தை வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்கிறார் என்றும், ஓராண்டாக அவருக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசின் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் (புறநோயாளி மருத்துவமனை) இதய மருத்துவருக்கு ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) கொடுத்தார்கள். அத்திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்றில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) வரை எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் குறையில்லை, நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காக மறுபடியும் பாலிகிளினிக், மறுபடியும் பேருந்து, மறுபடியும் வரிசை. முன்னாள் படைவீரர்களுக்கு இதய, நுரையீரல் நிபுணர்களின் சிகிச்சை இதைவிட எளிதாகக் கிடைக்க என்னதான் வழி என்று கேட்கிறீர்கள். நெஞ்சக நோய் மருத்துவன் என்ற முறையில் இதே நிலையில் வந்த பலரைப் பார்த்திருப்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். கூட்டினால் நல்லதுதான். ஆயினும் வேலூரிலும் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இத்துறை நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் தந்தையின் ஓராண்டு வீணானதற்குக் காரணம், எந்த நிபுணரிடம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எளிய பரிசோதனைகள் முதல் படியான பாலிகிளினிக்கிலேயே நடக்காமல் போனதுதான். அந்த முதல் படியைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை மருத்துவமனைகளைச் சேர்த்தாலும், அலைச்சல் வேறு வேறு ஊர்களுக்குப் பரவுமே தவிரக் குறையாது.

உரிமையைப் பொறுத்தவரை நம் நாட்டு முன்னாள் படைவீரரின் நிலை வலுவானது. 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட ஈசிஎச்எஸ் திட்டத்தில் ஒருமுறை பங்களிப்புத் தொகை செலுத்திவிட்டால், ஓய்வூதியம் பெறுபவருக்கும் மனைவிக்கும் சார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கும் வாழ்நாள் முழுவதும் சிகிச்சை உண்டு. முன்பே இருந்த நோய் என்று ஒதுக்குவதில்லை. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. நோய் பணியினால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் சிகிச்சைக்கு இல்லை (ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குத்தான் அந்தக் கேள்வி எழும், இரண்டையும் குழப்பிக்கொண்டு சிகிச்சைக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு). அமெரிக்காவில் நிலைமை வேறு. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் குப்பைக் குழிகளில் எரிந்த நெருப்பின் புகையைச் சுவாசித்த வீரர்கள், தங்கள் நுரையீரல் நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்கவைக்கவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான ‘பேக்ட்’ சட்டத்துக்குப் பிறகுதான் சிஓபிடி (நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்), நுரையீரல் நார்த்தடிப்பு (நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போவது) போன்றவை பணியினால் வந்தவையாகக் கருதப்படும் பட்டியலில் இடம்பெற்றன. அவர்களுக்குக் கதவு திறக்கவே போராட்டம். நமக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனபின் வழிகாட்ட ஆளில்லை.

நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. தமிழகத்தில் சென்னை, கோவை ஆகிய இரண்டு இடங்களில் உள்ள மண்டல மையங்கள் இவற்றைக் கவனிக்கின்றன. பெரிய பாலிகிளினிக்கில் பொது மருத்துவ நிபுணர் ஒருவர் இருப்பார். சிறியவற்றில் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிகளே எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். காலையில் நீண்ட வரிசை நிற்கும். அதில் பெரும்பாலோர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்காக வந்தவர்கள். அந்த நெருக்கடியில் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், ஈசிஜி எடுத்துவிட்டு இதயத்துக்கு அனுப்புவதே பாதுகாப்பான முடிவு என்று மருத்துவ அதிகாரி நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மாரடைப்பைத் தவறவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ரெஃபரல் ஓர் உறுப்பின் பெயரில் எழுதப்படுகிறது; நோயாளியோ ஓர் அறிகுறியோடு வருகிறார். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அறுபது வயதைக் கடந்தவருக்கு நடந்தால் மூச்சு வாங்க என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று பாருங்கள். இதயச் செயலிழப்பு, பீடி, சிகரெட்டால் வந்த சிஓபிடி, பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு, நுரையீரல் நார்த்தடிப்பு, நுரையீரல் தமனிகளில் மிகை அழுத்தம், இரத்தசோகை. இவற்றில் இரண்டு மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் அரிதல்ல, ஏனெனில் இதய நாளங்களை அடைக்கும் அதே புகையிலைதான் மூச்சுக்குழல்களையும் கெடுக்கிறது. இவற்றைப் பிரித்தறியப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை ஓய்விலும், ஆறு நிமிடம் நடக்கவைத்த பிறகும் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 96 விழுக்காடு காட்டி, நடந்ததும் 86க்கு இறங்கினால், நுரையீரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் ஈசிஜியும் பல பாலிகிளினிக்குகளிலோ பக்கத்திலோ கிடைக்கும். ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவி ஒரு மேசையில் அடங்கிவிடும். மருந்து கொடுத்தபின் ஊதியதில், முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழல் அடைப்பு உறுதியாகிறது. என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு 125க்குக் குறைவாக இருந்தால், புறநோயாளி ஒருவருக்கு இதயச் செயலிழப்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த ஐந்தும் ஒரே நாளில் முடிந்திருந்தால், உங்கள் தந்தை முதல் தடவையே சரியான மருத்துவரிடம் போயிருப்பார்.

இந்தப் பட்டியலில் ஸ்பைரோமெட்ரிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கருவியின் விலை அதற்குக் காரணமல்ல. நோயாளியை முழுமூச்சாக ஊதவைக்கப் பயிற்சிபெற்ற கைகள் வேண்டும். அரைகுறையாக ஊதிய ஓர் அறிக்கை, அறிக்கையே இல்லாததைவிடக் கேடு விளைவிக்கும். பாலிகிளினிக்கில் உள்ள செவிலியர் உதவியாளர் ஒருவருக்கு முறையான பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு நாளை மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கினால் போதும். என்னிடம் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

படைவீரர்களுக்கே உரிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. ‘எங்கே பணியாற்றினீர்கள்’ என்று பாலிகிளினிக்கில் யாரும் கேட்பதில்லை. மிக உயரமான மலைகளில் இதயமும் நுரையீரலும் படும் பாட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் இந்தியப் படைவீரர்களின் பங்கு பெரிது. 1962 போருக்குப் பிறகு இமயமலையில் நிறுத்தப்பட்ட 1,925 வீரர்களிடம் மலைநோயை ஆராய்ந்த கட்டுரை 1969இல் வெளிவந்தது. மிக உயரத்தில் மாதக்கணக்கில் இருந்த 21 வீரர்களுக்கு வலப்பக்க இதயம் செயலிழந்து உடல் வீங்கியதையும், கீழே கொண்டுவந்தபின் அவர்கள் தேறியதையும் 1990இல் மற்றோர் ஆய்வு பதிவு செய்தது. சியாச்சின், லடாக் போன்ற இடங்களில் மூடிய கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் கரியையும் சுவாசித்துக்கொண்டு இருந்தவர்கள் ஏராளம். இன்றைய மூச்சிரைப்புக்கெல்லாம் அந்தப் பணியே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களிடம் புகையிலையும் பழைய காசநோயுமே காரணமாக இருக்கின்றன. ஆனால் மலையில் இருந்தபோது நுரையீரலில் நீர்கோத்து ஹெலிகாப்டரில் கீழே இறக்கப்பட்டவர் என்ற ஒரு வரி கோப்பில் இருந்தால், எக்கோ எடுப்பவர் வலப்பக்க இதயத்தையும் நுரையீரல் தமனி அழுத்தத்தையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். ஓய்வுபெறும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். அவர் எந்த மருத்துவ வகையில் (படையில் உடல்தகுதிக்குக் கொடுக்கும் தரம்) வெளியே வந்தார், உடல்திறனில் குறை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் படி ஒன்று பாலிகிளினிக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும்.

படைக்குள் இருந்தவரை இந்த இரண்டு உறுப்புகளையும் ஒன்றாகப் பார்க்கும் ஏற்பாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புனேயில் இயங்கும் ராணுவ இதய நெஞ்சக மருத்துவ நிறுவனம், அதன் பெயரே காட்டுவது போல, இதய நோயாளியையும் நுரையீரல் நோயாளியையும் ஒரே வளாகத்தில் பார்க்கிறது. சீருடையைக் கழற்றியதும் அதே மனிதர் இரண்டு துறைகளுக்கு நடுவே அலைகிறார். அந்தப் பிரிவினால் வரும் தீங்கு வெறும் அலைச்சலோடு முடிவதில்லை. மாரடைப்பு வந்தவருக்குத் தேவையான, இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை, சிஓபிடி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தையே முதன்மையாகக் குறிவைக்கும் வகையைச் சேர்ந்த பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைச் சிஓபிடி நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பாகச் சாப்பிடலாம். மறுபக்கம், இதயத்துடிப்புக் கோளாறுக்காக ஆண்டுக்கணக்கில் அமியோடரோன் சாப்பிடுபவருக்குப் புதிதாக வறட்டு இருமல் வந்தால், அந்த மருந்தே நுரையீரலைத் தாக்கியிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இரு மருத்துவர்களும் ஒரே தாளைப் பார்த்தால் மட்டுமே இவை கண்ணில் படும்.

ஆகவே இரண்டாவது தேவை, பாலிகிளினிக் மருத்துவரோடு இதய நிபுணரும் நுரையீரல் நிபுணரும் சேர்ந்து பேசும் நேரம். இது ஆகாத காரியமல்ல. நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய ‘எக்கோ’ முறையில் (நெஞ்சில் எடுக்கும் எக்கோ வேறு, இது வேறு), ஊர்ப்புற மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் விவரங்களைக் காணொளி வழியே நிபுணர் குழுவிடம் விவாதித்து, அவர்களே சிகிச்சை அளிக்கக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை பின்னர் அந்த முறையைத் தன் மருத்துவமனைகளுக்கு எடுத்துக்கொண்டது. நம் பாதுகாப்பு அமைச்சகமும் 2021 மே மாதத்தில் ‘சேஹத் ஓபிடி’ என்ற காணொளி ஆலோசனைச் சேவையைப் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் தொடங்கியது. வீட்டில் இருக்கும் எழுபது வயது முதியவர் கைப்பேசியில் மருத்துவரைத் தேடிப் பேசுவதைவிட, பாலிகிளினிக் மருத்துவர் எக்ஸ்ரேயையும் ஸ்பைரோமெட்ரி அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு நிபுணரோடு பேசுவதே அதிகப் பயன் தரும். வாரம் ஒரு மணிநேரம் அப்படிப் பேசினால், நகரத்துக்கு அனுப்பத் தேவையே இல்லாதவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். உண்மையில் அவசரமானவர் வரிசையில் முன்னால் போவார்.

தமிழகத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2012 முதல் 2014 வரை, மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைக் கொண்டு இங்கே நடந்த ஆய்வில், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, ஈசிஜியை உடனுக்குடன் அனுப்பிச் சிகிச்சையைத் தொடங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இருந்த மருத்துவமனைகளை ஒன்றோடொன்று பேசவைத்ததுதான் அங்கே நிகழ்ந்த முக்கியமான மாற்றம்.

முன்னாள் படைவீரர் என்றதும் நாம் ஆண்களையே நினைக்கிறோம். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்தில் தனியே வாழும் பெண்களும் இத்திட்டத்தின் பயனாளிகள்தான். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து சமைத்தவர்களுக்கு, வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாமலே சிஓபிடி வருகிறது. ‘வயசாச்சு, வாங்கத்தான் செய்யும்’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஈசிஎச்எஸ் கார்டை எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறத் தயங்குவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியதாரர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். இரண்டையும் இணைத்து, மூச்சு வாங்குகிறதா என்ற ஒரு கேள்வியை அந்தப் பணியாளர்கள் கேட்டால், பாலிகிளினிக் பக்கமே வராதவர்களும் கணக்கில் வருவார்கள்.

அடுத்து, காலத்தை அளக்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் வந்த ‘மிஷன்’ சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிப்படி, நிபுணரைப் பார்க்கச் சராசரியாக 60 நிமிடங்களுக்கு மேல் வண்டியில் போக வேண்டியிருந்தாலோ, 28 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, அந்த வீரர் அரசு செலவில் வெளி மருத்துவரிடம் போகலாம். அங்கும் குறைகள் உண்டு, ஆனால் எது தாமதம் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. நமது திட்டத்தில் ரெஃபரல் தேதி கணினியில் பதிவாகிறது. மருத்துவமனை அனுப்பும் பில்லும் இணையவழியே வருகிறது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலான நாட்களை ஒவ்வொரு பாலிகிளினிக்குக்கும், ஒவ்வொரு துறைக்கும் கணக்கிட்டு வெளியிடப் புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை. எந்த மாவட்டத்தில் நுரையீரல் நிபுணரைப் பார்க்க மூன்று மாதம் ஆகிறது என்பது தெரிந்தால், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையை எங்கே சேர்ப்பது என்ற விவாதம் ஊகத்தில் நடக்காது. பில் நிலுவைத் தொகையைக் குறித்த காலத்தில் தீர்ப்பதும் இதோடு சேர்ந்தது. தணிக்கைத் துறைத் தலைவர் இத்திட்டத்தைப் பற்றி 2015இல் அளித்த அறிக்கையிலேயே பில்கள் தேங்குவது பேசப்பட்டது. பணம் வராத மருத்துவமனை கார்டைப் பார்த்ததும் படுக்கை இல்லை என்று சொல்லத் தொடங்குவது எல்லோரும் அறிந்ததுதான்.

நோய் கண்டறியப்பட்ட பிறகும் நிபுணர் சிகிச்சை தொடர்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நுரையீரல் மருத்துவர் ஒரு வகை இன்ஹேலரை எழுதிப் பழக்கி அனுப்புவார்; பாலிகிளினிக்கில் அது இல்லாததால் வேறு வகைக் கருவி கொடுக்கப்படும். மருந்து ஒன்றுதான், ஆனால் ஒன்றை மெதுவாக இழுக்க வேண்டும், மற்றொன்றை வேகமாக இழுக்க வேண்டும். சொல்லித் தராமல் மாற்றினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். மூன்று மாதம் கழித்து, மருந்து கேட்கவில்லை என்று மறுபடியும் ரெஃபரல் எழுதப்படும். ஆகவே கருவியை மாற்ற நேர்ந்தால், மருந்து கொடுக்கும் இடத்திலேயே ஒருமுறை இழுத்துக்காட்டச் சொல்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மூச்சுப் புனர்வாழ்வுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஆறு முதல் எட்டு வாரங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், கண்காணிப்பின் கீழ் நடைப்பயிற்சியும் கை, கால் தசைகளுக்கான பயிற்சியும் செய்யவைப்பது. சிஓபிடி நோயாளியின் நடைத்திறனையும் அன்றாட வாழ்வையும் மேம்படுத்துவதில் இதற்கு இணையான மருந்து குறைவு. மாரடைப்புக்குப் பிந்தைய இதயப் புனர்வாழ்வும் ஏறத்தாழ இதே வடிவம்தான். பெரிய பாலிகிளினிக்குகளில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். இருபது ஆண்டுகள் விடியற்காலையில் பி.டி. அணிவகுப்பில் நின்றவர்களுக்குக் குழுவாகச் சேர்ந்து உடற்பயிற்சி செய்வது புதிதல்ல. மற்ற நோயாளிகளிடம் நாங்கள் கெஞ்ச வேண்டியதை இவர்கள் தாமாகவே செய்வார்கள். இத்தனை வசதி கையில் இருந்தும் இந்தப் பயிற்சியைப் பாலிகிளினிக்குகளில் பரவலாக நடத்தாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இனி உங்கள் தந்தைக்கு. பாலிகிளினிக்குக்குப் போகும்போது எக்கோ அறிக்கை, ஓய்வுபெற்றபோது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், எந்த ஆண்டில் எங்கே பணி என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நுரையீரல் நிபுணருக்கு ரெஃபரல் கேட்கும்போதே ஸ்பைரோமெட்ரியையும், தேவைப்பட்டால் நெஞ்சு சிடி ஸ்கேனையும் அதில் குறிப்பிட முடியுமா என்று மருத்துவ அதிகாரியிடம் கேளுங்கள். இரு துறைகளும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், ஒரே ரெஃபரலில் இன்னொரு துறையையும் பார்க்கலாமா என்பதைப் பொறுப்பு அதிகாரியிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடோ அதற்குக் குறைவோ தொடர்ந்து இருந்தால், வீட்டில் ஆக்சிஜன் தேவையா என்று நிபுணரிடம் கேட்க வேண்டும். அவர் பரிந்துரைத்தால் ஆக்சிஜன் செறிவூட்டியைத் திட்டத்தின் வழியாகவே பெறலாம். அதை நாளுக்குக் குறைந்தது 15 மணிநேரம் பயன்படுத்தினால்தான் பலன் உண்டு.

நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, படுக்க முடியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் ரெஃபரலை நினைக்கவே வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் மாரடைப்புக்கான 14 மாத்திரைகள் அடங்கிய முதல் தவணை மருந்து அங்கேயே கொடுக்கப்பட்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அவசர நிலையில் எந்த மருத்துவமனையிலும் சேரலாம். அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் கார்டைக் காட்டினால் போதும், பணம் கட்டச் சொல்லக் கூடாது, தகவல் கொடுப்பதும் அவர்களுடைய பொறுப்பு. அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், 48 மணிநேரத்துக்குள் உங்கள் பாலிகிளினிக்குக்கு நீங்கள் தகவல் கொடுத்துவிட வேண்டும். செலவை முதலில் நீங்கள் செலுத்தி, பின்னர் விதிப்படியான தொகையைத் திரும்பப் பெறலாம். பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணையும் கார்டு எண்ணையும் தந்தையின் கைப்பேசியிலும் உங்கள் தாயாரின் கைப்பேசியிலும் இன்றே பதிந்து வையுங்கள்.